பரட்டை என்று பேர் வாங்கிய முடி

ஐப்பசி பிறந்துவிட்டதை எங்கள் வீட்டில் முதலில் சொல்வது உப்பு ஜாடிதான். கல் உப்பு கசிந்து அடியில் தண்ணீராக நிற்கும். அடுத்து கொல்லைக் கதவு. நிலையோடு இறுகிக்கொண்டு, தோளால் இடித்தால்தான் திறக்கும். பொரித்து வைத்த அப்பளம் சாப்பாடு முடிவதற்குள் நமத்துப்போகும். இதற்கெல்லாம் பிறகு என் தலையும் என் மகள் தலையும். ராத்திரி படிய வாரிப் பின்னிப் படுத்த முடி, விடியும்போது நெற்றியோரத்திலும் வகிட்டின் இரண்டு பக்கமும் எழும்பி நிற்கும். பின்னலுக்குள்ளிருந்து இழை இழையாக வெளியே வந்து, தலையைச் சுற்றிப் பஞ்சு பறக்கிற மாதிரி இருக்கும்.

"மதுரை காஞ்ச ஊருதானே, அங்க என்ன ஈரம்?" என்று சென்னையில் இருக்கும் என் மதினி கேட்பார். அவர் கேட்பதில் தப்பில்லை. கடலோரத்தில் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே பிசுபிசுப்பு, அதற்கு ஏற்றபடி ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆடியில் மழையை மேற்கு மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வெறுங்கையோடு வருகிற காற்று, எங்கள் முடியை நார் மாதிரி வறட்டிவிடும். அக்டோபர் மூன்றாவது வாரத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும், அதே வறண்ட முடி அகப்பட்ட ஈரத்தையெல்லாம் குடிக்கத் தொடங்கும். ஆடியில் முடியைக் கெடுத்துக்கொண்டு ஐப்பசியில் அழுகிறோம் என்பது எனக்குப் புரிய முப்பது வயது தாண்டிவிட்டது.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள். நாலாம் வகுப்புப் படிக்கிறாள். போன வருஷம் ஒரு மழை நாளில் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக்கூட இறக்காமல், "அம்மா, என் முடிய மட்டும் நேராக்கி விட்டுடலாமாம்மா?" என்றாள். என்னடா ஆச்சு என்று கேட்டால் பேச்சு வரவில்லை. ராத்திரி படுக்கும்போது சொன்னாள். காலையில் வரிசையில் நிற்கும்போது ஒரு டீச்சர், "நாளைக்கு எண்ணெய் வச்சுப் படிய வாரிட்டு வா, பரட்டை மாதிரி வராத" என்று சொல்லியிருக்கிறார். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். நான் அன்று காலை அவளுக்கு அரை மணி நேரம் தலை வாரித்தான் அனுப்பியிருந்தேன். எண்ணெயும் வைத்திருந்தேன். தூறலில் பள்ளிக்கூட வாசல் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் எழும்பிவிட்டது.

பரட்டை. அதே சொல்லை நானும் அதே வயதில் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அப்பாவோடு பிறந்த அத்தைகள் இரண்டு பேருக்கும் முடி வாழைநார் உரித்துத் தொங்கவிட்ட மாதிரி நேராக இருக்கும். எனக்கு மட்டும் அம்மா வழியில் வந்த நெளி முடி. லீவுக்குப் போனால் பெரிய அத்தை திண்ணையில் உட்கார வைத்து, இரண்டு முழங்காலுக்கும் இடையில் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காய்ந்த முடியில் பேன் சீப்பை உச்சியிலிருந்து இழுப்பார். சிக்கு நடுவில் மாட்டும். இழுத்தால் அறுந்து வரும். அறுந்த முடியைச் சுருட்டித் துப்பிவிட்டு எறிவார். வாரி முடித்ததும் முடி அடங்குவதற்குப் பதிலாக இரண்டு மடங்கு பெரிதாக நிற்கும். "இது என்னாத்தா, தேங்கா நாரு மாதிரி" என்று சொல்லிக்கொண்டே எண்ணெயை ஊற்றுவார். நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கும். அத்தைக்கு என்மேல் கொள்ளைப் பிரியம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நேர் முடியை வாருகிற விதம் ஒன்றுதான், அதை என் தலையில் செய்தார்.

அப்பத்தா கை வேறு மாதிரி. அதைப் பிறகு சொல்கிறேன், அதற்கு முன்னால் நான் போய் விழுந்த குழியைச் சொல்லியாக வேண்டும்.

கல்யாணத்துக்கு நாலு மாதம் இருக்கும்போது, மதுரையில் ஒரு அழகு நிலையத்தில் முடியை நேராக்கிக்கொண்டேன். கதவைச் சாத்தி ஏசி போட்ட சின்ன அறை. ஒரு கிரீமைத் தடவி, காயவைத்து, சூட்டுத் தகடுகளுக்கு நடுவில் முடியை வைத்து இழுத்தார்கள். எழும்பிய புகையில் எனக்குக் கண் எரிந்தது, தொண்டை கமறியது. வேலை செய்த பெண்ணும் முகத்தைத் திருப்பித் திருப்பி இருமிக்கொண்டுதான் செய்தாள். கெரட்டின் வைத்தியம், முடிக்குச் சத்து என்று சொன்னார்கள். நாலு மாதம் கண்ணாடி மாதிரி இருந்தது. கல்யாணப் படங்களில் அழகாகத்தான் இருக்கிறேன். ஏழாம் மாதம் உச்சியில் புதிதாக முளைத்தது நெளிநெளியாக வந்தது, கீழே பழையது நேராகத் தொங்கியது. இரண்டும் சேர்கிற இடத்தில் முடி நூல் மாதிரி மெலிந்து, சீப்பு பட்டாலே ஒடிந்தது. பிள்ளை உண்டான நேரத்தில் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டேன்.

அந்தப் புகை என்ன என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த மாதிரிக் கிரீம்களில் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, அல்லது சூடு பட்டதும் அதை வெளியே விடுகிற பொருள் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் 2004-இல் ஃபார்மால்டிஹைடைச் சேர்த்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை போய் உட்கார்ந்து வருகிற நம்மைவிட, தினமும் அந்த அறையில் நின்று இருமுகிற பெண்ணை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். நேராக்கிக்கொள்வது அவரவர் விருப்பம், நான் யாரையும் தடுக்கவில்லை. புட்டியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டையும் செய்ய மாட்டோம் என்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, முடி ஏன் இப்படிச் செய்கிறது?

முடியை வைத்தே ஒரு காலத்தில் காற்றின் ஈரத்தை அளந்திருக்கிறார்கள். ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனடிக்ட் த சொசூர் 1783-இல் அப்படி ஒரு கருவியைப் பற்றி எழுதினார். எண்ணெய்ப் பசை போக்கிய ஒரு மனித முடி, அதன் ஒரு முனையில் சின்ன எடை, அதோடு சேர்ந்து நகர்கிற முள். காற்றில் ஈரம் ஏறினால் முடி நீளும், முள் நகரும். காய்ந்தால் சுருங்கும். நல்ல வறட்சியிலிருந்து முழு ஈரத்துக்குப் போகும்போது முடி நீளத்தில் கூடுவது நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான். ஆனால் பருமனில் ஏறக்குறைய நூற்றுக்கு 15 பங்கு உப்புகிறது. இதே முடிக் கற்றையை வைத்த கருவிகளை வானிலை நிலையங்கள் இருபதாம் நூற்றாண்டிலும் வெகுகாலம் பயன்படுத்தின. என் மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்ப என் தலையில வானிலை ஆபீஸ் இருக்கா?" என்று கேட்டு, அன்றைக்குப் பூராவும் கண்ணாடி முன்னால் நின்று மழை வருமா வராதா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சொசூர் முடியின் எண்ணெய்ப் பசையை ஏன் போக்கினார் என்பதைக் கவனியுங்கள். பசை இருந்தால் ஈரம் உள்ளே போவது தாமதமாகும், முள் சோம்பலாக நகரும். அவருக்குத் துடியான முடி வேண்டியிருந்தது. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். ஆனாலும் நாம் வாரம் முழுக்க, அவர் செய்ததையேதான் நம் தலைக்குச் செய்துகொண்டிருக்கிறோம். கட்டி சோப்பை வைத்துத் தலை தேய்ப்பது, நுரை வரவில்லை என்று ஷாம்புவை இரண்டாம் தடவை போடுவது, எல்லாம் அந்த வேலைதான்.

முடியின் மேல்புறம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்து, நுனியைப் பார்த்து அடுக்கியிருக்கும். ஓடுகள் படிந்திருந்தால் பளபளப்பு. சோப்பின் காரத்தாலோ சாயத்தாலோ சூட்டாலோ ஓடுகள் பெயர்ந்துவிட்டால் கூரை ஒழுகும், அதாவது ஈரம் சுலபமாக உள்ளே போகும். உள்ளே இருப்பது கெரட்டின் என்ற புரதத்தின் இழைகள். அந்த இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் கட்டுகளில் இரண்டு வகை முக்கியம். ஒன்று கந்தகக் கட்டு. கெட்டியானது, வெறும் தண்ணீருக்கு அசையாது, நேராக்குகிற மருந்துகளில் சில இதைத்தான் உடைக்கின்றன. இன்னொன்று ஹைட்ரஜன் கட்டு. தண்ணீர் பட்டதும் அவிழும், காய்ந்ததும் திரும்பக் கட்டிக்கொள்ளும். காயும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ, அந்த வடிவத்திலேயே கட்டிக்கொள்ளும்.

எனக்கு எல்லாம் விளங்கியது இந்தக் கடைசி இடத்தில்தான். இஸ்திரி போட்ட மாதிரி நேராக்கிய முடி மழைக்காற்றுக்கு ஏன் தாங்குவதில்லை? சூட்டில் கட்டிய ஹைட்ரஜன் கட்டுகளைக் காற்றில் இருக்கும் ஈரம் அவிழ்த்துவிடுகிறது. காய்ந்த நெளி முடியை வாரினால் ஏன் பொம்முகிறது? பக்கத்துப் பக்கத்து முடிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே நெளியாக வளைந்து காய்ந்திருக்கும். சீப்பு அந்தக் கூட்டத்தைப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்திவிடுகிறது. தனியாக நின்றது தனியாகவே ஈரம் குடித்து, தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் வளைகிறது. ஆயிரம் முடி ஆயிரம் பக்கம் வளைந்தால் அதற்குப் பெயர் பரட்டை.

ஆக, பெரிய அத்தை திண்ணையில் அடக்கிக்கொண்டிருந்ததாக நினைத்ததெல்லாம், நெளிகளைக் கலைக்கிற வேலை. என் மகளுக்கு அரை மணி நேரம் நான் செய்ததும் அதேதான்.

இப்போது அப்பத்தாவுக்கு வருகிறேன். அப்பத்தா செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாளில் எங்களுக்குத் தலைக்கு ஊற்ற மாட்டார். முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் வைத்துவிடுவார். தேங்காய் எண்ணெய் தலைக்கு, நல்லெண்ணெய் உடம்புக்கு. தீபாவளிக்கு மட்டும் தலைக்கும் நல்லெண்ணெய். காலையில் அரப்பு. எங்கள் ஊர்ப் பெயரிலேயே உசிலை இருக்கிறது, அந்த உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூள்தான் அரப்பு. சோறு வடித்த கஞ்சியில் கரைத்து, கையளவு செம்பருத்தி இலையைக் கசக்கிச் சேர்ப்பார். கொழகொழவென்று வரும். அதைத் தலையில் போட்டதும் முடி மீன் மாதிரி வழுக்கும். அந்த வழுக்கலோடேயே, தண்ணீர் சொட்டச் சொட்ட, விரலைவிட்டுச் சிக்கெடுப்பார். நுனியில் தொடங்கி மேலே மேலே போவார். ஒரு முடி அறுந்ததாக எனக்கு நினைவில்லை. ஊற்றி முடித்ததும் பழைய சுங்குடிச் சேலைக் கிழிசலால் முடியை ஒற்றி, உருட்டிக் கட்டிவிடுவார். கொஞ்ச நேரம் கழித்துக் கூடையைக் கவிழ்த்து, அடியில் சாம்பிராணித் தூபக்கால் வைத்து, முடியை அதன்மேல் பரப்பிக் காயவைப்பார். காயும்வரை சீப்பைத் தொட விட மாட்டார். "சும்மா கெட தாயி, அது பாட்டுக்குக் காயட்டும்" என்பார்.

அன்றைக்கு என் முடி அலை அலையாக இருக்கும். மறுநாள் பெரிய அத்தை கையில் சிக்கும்வரை.

அப்பத்தா செய்தது ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சின்னது, நேரானது, முடிக்குள்ளேயே இறங்கும். குளிப்பதற்கு முன்னால் வைத்தால், ஊறும்போது முடி அளவுக்கு மீறி உப்பாமல் பார்த்துக்கொள்ளும். 2003-இல் ரெலே, மோஹிலே என்ற இரண்டு இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழிந்து போவதைக் குறிப்பிடும்படி குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். அவர்கள் வேலை பார்த்தது தேங்காய் எண்ணெய் விற்கிற ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டு நம்புங்கள். அரப்பிலும் சீயக்காயிலும் அழுக்கெடுப்பது சப்போனின். நம் ஊர் போர்த் தண்ணீரில் கட்டி சோப்பைப் போட்டால், சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து வெள்ளைத் திப்பியாக முடியில் ஒட்டிக்கொள்ளும். சப்போனின் அப்படி ஒட்டாது. செம்பருத்தி இலையின் கொழகொழப்பும் வெந்தயத்தின் கொழகொழப்பும், பக்கத்துப் பக்கத்து முடிகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே நெளியாகக் காயவைக்கிற பசை. இன்று கடையில் கர்ல் ஜெல் என்று ஐநூறு ரூபாய்க்கு விற்பதும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

சுங்குடிச் சேலை விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நாம் இப்போது எல்லோரும் தேங்காய்ப்பூ துண்டைத்தான் தலையில் சுற்றுகிறோம். அந்தத் துண்டின் ஒவ்வொரு சுருக்கும் ஒரு கொக்கி. தேய்க்கத் தேய்க்கச் செதில்களைப் பிடித்து இழுத்துக் கிளப்பிவிடும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சுங்குடியில் கொக்கி இல்லை, தண்ணீரையும் நன்றாகக் குடிக்கும். அப்பத்தா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவருடைய கத்தரிப்பூ நிறச் சுங்குடி ஒன்று அம்மாவிடம் இருந்தது, கேட்டு வாங்கி வந்து நாலாகக் கிழித்தேன். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒன்றை மட்டும் மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, மூன்றைப் புழங்குகிறோம்.

அப்பத்தா சொன்னதில் நான் விட்டுவிட்டவையும் உண்டு. மகளுக்கு இளைப்பு வரும் என்பதால் சாம்பிராணிப் புகை போடுவதில்லை. அரப்பைச் சரியாக அலசவில்லை என்றால் தூள் தலையில் தங்கிச் சொரியும், அதனால் பள்ளிக்கூட நாளில் சல்பேட் இல்லாத ஷாம்புதான், அதுவும் மண்டைத் தோலுக்கு மட்டும். நுரை வழிந்து இறங்குவதே நீள முடிக்குப் போதும். பிறகு கண்டிஷனர். இதை ஆடம்பரம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். முடியின் சிதைந்த இடங்களில் எதிர்மின் தன்மை கூடுதலாக இருக்கும், கண்டிஷனரில் இருப்பது நேர்மின் தன்மையுள்ள பொருள். எங்கே ஓடு பெயர்ந்திருக்கிறதோ அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே காதுக்குக் கீழே, நுனியை நோக்கித் தாராளமாகப் போட்டு, அது இருக்கும்போதே அகலப் பல் மரச்சீப்பால் கீழிருந்து மேலாகச் சிக்கெடுக்கிறேன். வாரத்தில் சீப்பு எங்கள் தலையைத் தொடுவது அந்த நேரத்தில் மட்டும்தான்.

செம்பருத்தி இலை கிடைக்காத நாளுக்கு ஆளி விதை. இரண்டு கரண்டி விதையை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் விடுகிற பதம் வந்ததும் இறக்கி, சூட்டோடு சூடாக மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். ஆறிவிட்டால் இறங்கவே இறங்காது, முதல் தடவை துணியோடு மல்லுக்கட்டி அரைவாசியை வீணாக்கினேன். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். வாடை மாறினால் கொட்டிவிடுங்கள்.

அதைத் தடவுகிற நேரம் முக்கியம். தண்ணீர் சொட்டும்போதே தடவ வேண்டும். துவட்டி, பாதி காய்ந்த பிறகு தடவினால் ஏற்கெனவே பிரிந்துபோன முடிக்குமேல் பசை பூசிய கதைதான். குனிந்து, முடியை முன்னால் போட்டு, உள்ளங்கையில் ஜெல்லை எடுத்து, நுனியிலிருந்து வேருக்குக் கசக்கிக் கசக்கி விடுவேன். சளசளவென்று சத்தம் வர வேண்டும். சத்தம் வரவில்லை என்றால் தண்ணீர் போதவில்லை. பிறகு சுங்குடித் துணியால் ஒற்றி எடுத்து, அப்படியே விட்டுவிட வேண்டும். காயும்போது முடி மொறமொறவென்று விறைக்கும். பயப்பட வேண்டாம், பசை காய்கிறது. முழுக்கக் காய்ந்த பிறகு, இரண்டே சொட்டுத் தேங்காய் எண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டு மெல்லக் கசக்கினால் விறைப்பு உடைந்து, நெளி மட்டும் நிற்கும்.

மழைக்காலத்தில் இந்தக் காய்வதுதான் பெரும்பாடு. வெயிலில்லாத நாளில் என் முடிக்கு நாலு மணி நேரம் பிடிக்கிறது. அரைகுறை ஈரத்தோடு வாசலுக்குப் போனால் அவ்வளவு வேலையும் பாழ். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் காலைக் குளியலை விட்டு, சாயங்காலம் தலைக்கு ஊற்றிக்கொள்கிறோம். "ராத்திரி ஈரத் தலையோட படுத்தா சளி பிடிக்கும்" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் போனில் கண்டிப்பார். படுப்பதற்குள் காய்ந்துவிடும் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். மின்விசிறியை நேராகத் தலைக்குமேல் வேகமாக வைப்பதில்லை, அது கலைத்துவிடும். பக்கவாட்டில், மெதுவாக. கிளிசரின் கலந்த சீரம், ஜெல் எதையும் இந்த இரண்டு மாதம் தொடுவதில்லை. கிளிசரின் சுற்றியிருக்கும் ஈரத்தை இழுக்கிற பொருள். காற்றே ஈரத்தில் ஊறிக்கிடக்கும்போது அதையும் தலையில் வைத்தால் முடி உப்பிக்கொண்டுதான் போகும். காற்று ஓரளவு வறண்டிருக்கும் மாசி, பங்குனிக்கு அது சரிப்படலாம்.

ஹெல்மெட் போடுகிறவர்களுக்கு ஒன்று. பருத்தித் துப்பட்டாவைக் கட்டி அதன்மேல் ஹெல்மெட் போட்டால் உராய்வில் உச்சி முழுக்கக் கலையும். வழவழப்பான பழைய பட்டுத் துண்டு ஒன்றைத் தைத்து, குல்லா மாதிரி உள்ளே போட்டுக்கொள்கிறேன். கோரிப்பாளையத்திலிருந்து பழங்காநத்தம் வரை நெரிசலில் வந்து கழற்றினாலும் முடி வைத்தது வைத்தபடி இருக்கிறது. தலையணை உறையும் அதே துணியில் தைத்ததுதான்.

இவ்வளவும் செய்தாலும் மழை நாளில் முடி கொஞ்சம் எழும்பத்தான் செய்யும். வகிட்டோரத்தில் சின்னச் சின்ன இழைகள் நிற்கும். அதை நான் இப்போது எண்ணெய் போட்டு அழுத்துவதில்லை.

அதற்கு ஒரு காரணம் அறல் என்ற சொல். ஆற்றில் தண்ணீர் வடிந்த பிறகு கருமணலில் வரி வரியாக ஒரு நெளிவு பதிந்து கிடக்குமே, அதுதான் அறல். சங்கப் பாடல்களில் பெண்ணின் கூந்தலை அழகென்று சொல்ல வந்த புலவர்கள் திரும்பத் திரும்ப எடுத்த உவமை அது. கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியன் அவையில் வழக்கே நடந்ததாகக் கதை சொல்கிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், ஆற்று மணலின் வரியைக் கூந்தலுக்கு அழகாகச் சொன்ன மொழியில், நெளி முடிக்காரப் பிள்ளைக்குப் பரட்டை என்று எப்போது பேர் வந்தது? வைகையில் தண்ணீர் ஓடி வடிவதே அபூர்வமாகி, மணலையும் அள்ளிவிட்டோம். அறலைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைந்துபோனார்கள். மகளுக்குக் காட்டலாம் என்று போன மார்கழியில் சோழவந்தான் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். கருவேலம் புதருக்கு நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மணல் இருந்தது, அதில் வரிகள் இருந்தன. குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தன் பின்னல் நுனியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த டீச்சரையும் போய்ப் பார்த்தேன். சண்டைக்குப் போகவில்லை. "டீச்சர், இவ முடி காஞ்ச பிறகு வாரினாத்தான் இப்படி ஆகுது, இனிமே வாராம ரெட்டைச் சடை மட்டும் போட்டு அனுப்புறேன்" என்றேன். "சடை போட்டிருந்தாப் போதும்மா" என்றார். அந்தச் சொல்லைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் வேணும்னு சொல்லலைம்மா" என்றார். அவர் கொண்டைக்குள் அடக்கியிருந்த முடியின் ஓரத்திலும் நெளி தெரிந்தது.

இந்தத் தீபாவளிக்கு ராத்திரியெல்லாம் மழை. விடிகாலை நாலரைக்கு நல்லெண்ணெயைக் காய்ச்சி, அரப்பைக் கஞ்சியில் கரைத்து, செம்பருத்தி இலையை மகளையே கசக்கச் சொன்னேன். வெந்நீர் ஊற்றி, சுங்குடியால் ஒற்றி விட்டேன். ஏழு மணிக்கு வெடிச் சத்தத்துக்கு நடுவில் அம்மாவின் போன் வந்தது, ஈரத் தலையா என்று கேட்டார். பத்தரைக்குக் காய்ந்திருந்தது. வகிடு எடுக்கவில்லை, பின்னவில்லை, காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம் எடுத்துப் பின்னால் ஒரு கிளிப். கோவிலுக்குப் போகிற வழியில் பூக்காரம்மாவிடம் நிறுத்தினேன். மல்லி விலை ஏறிக்கிடந்தது, ஒரு முழம் மட்டும் வாங்கினேன். ஹேர்பின்னை மறந்துவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"பின்னு எதுக்குத் தாயி? வழுக்கு முடியிலதான் பூ நழுவும். இந்தப் பிள்ள முடியில வச்சா வச்ச எடத்துல நிக்கும்" என்று சொல்லி, பூக்காரம்மா தன் கையாலேயே சொருகிவிட்டார்.

மகள் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்தாள். பூ நின்றது. கோபுர வாசலுக்குப் போவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. துப்பட்டாவை அவள் தலைமேல் போடப் போனேன். "வேணாம்மா" என்று சொல்லிவிட்டு, முன்னால் நடந்தாள்.